ஒன்றை அழுத்துங்கள்

நாகல் நகர், திண்டுக்கல்
22.7.2007

அன்புத் தம்பி மதியழகனுக்கு,

அக்கா அன்புக்கரசி எழுதுகிறேன். நீயும் சுகன்யாவும் சுகமா? இங்கே நானும் உன் மச்சானும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வீடு செல்போன் வந்த காலத்தில் இன்லண்ட் லெட்டர் எதற்கென்று கேட்பாய். ஒரு வாரமாக எந்தப் போனையும் காதில் வைக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

நம் நிலா இருந்தபோது உங்கள் பந்தம் செல்போன் கம்பெனியின் ‘உன் குரலே உன் ட்யூன்’ திட்டத்தில் தன் குரலைப் பதிந்து வைத்தாள் அல்லவா. அவளைக் கூப்பிட்டால் மணிச் சத்தத்துக்குப் பதிலாக, “யாரது? கொஞ்சம் இருங்க, வந்துக்கிட்டே இருக்கேன், வச்சிராதீங்க!” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். போன நவம்பரில் காய்ச்சல் நாலே நாளில் அவளைக் கொண்டுபோன பிறகு, தினமும் ஒரு தடவை அந்த நம்பருக்குப் போட்டுக் கேட்டுவந்தேன். அவள் போன் அலமாரியில் கிடந்து அதிரும். நான் அடுப்படியில் நின்று கேட்பேன். பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்.

போன திங்கட்கிழமை உன் மச்சான் பூ மார்க்கெட்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். மல்லிகை வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்க நிலக்கோட்டை வியாபாரி ஒருவருக்குப் போன் போட்டாராம். காதில் நிலா. “யாரது? கொஞ்சம் இருங்க...” மனிதர் எடைத்தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வியாபாரி போனை எடுத்து, “என்ன பொம்மையண்ணே, நல்லாருக்குல்ல? புது ட்யூனு. எல்லாரும் வைக்கிறாங்க, நானும் வச்சுட்டேன்” என்றாராம். இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்து அதே நம்பருக்கு நானும் போட்டேன். என் பிள்ளையேதான்.

நீ அந்தக் கம்பெனியில் தமிழ் அறிவிப்புகள் எழுதும் பிரிவில் இருக்கிறாய். இது எப்படி நடந்தது? யாரிடம் சொன்னால் நிற்கும்? தெரிந்ததை மறைக்காமல் எழுது. காது குத்தும்போது நிலா உன் மடியில்தான் உட்கார்ந்தாள். தாய்மாமன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

உன் அக்கா
அன்புக்கரசி

சென்னை
11.8.2007

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. வேலை நெருக்கடியில் உடனே பதில் எழுத முடியவில்லை.

நீ எழுதியதைப் படித்து மிகவும் வருத்தப்பட்டேன். ட்யூன் விற்பனை வேறு பிரிவு. எனக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயிரக்கணக்கான குரல்கள் இருக்கும் இடத்தில் தவறுதலாக ஒன்று பட்டியலுக்குப் போயிருக்கலாம். ஊரில் உள்ள எங்கள் கிளையில் புகார் எழுதிக் கொடுத்துக் குறிப்பு எண் வாங்கிக்கொள். ஏழு வேலை நாட்களில் தீர்த்துவைப்பார்கள். கோர்ட், கீர்ட் என்று யாராவது கிளப்பிவிட்டால் கேட்காதே. வருடக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், உன் உடம்பு தாங்காது.

தினமும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதும் மனதுக்கு நல்லதல்ல அக்கா. இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி
மதி

நாகல் நகர்
2.9.2007

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? உன் கடிதம் கிடைத்தது. எழுத்து உன்னுடையதுதான், பேச்சு யாருடையதோ. ‘ஏழு வேலை நாட்கள்’ என்று நம் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நீ சொன்னபடி சாலை ரோட்டிலுள்ள உங்கள் ஆபீசுக்குப் போனேன். வாசலில் ‘உறவே எங்கள் மூலதனம்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஏ.சி. கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை. நிலா வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மே மாசம் பதினாலாம் தேதி காலையில அந்த நம்பருக்கு எங்க கால் போயிருக்கு மேடம். ஒன்னு அமுக்கியிருக்காங்க. ஒன்னு அமுக்குனா ட்யூன் தொடரும், கம்பெனிப் பட்டியலுக்கும் வந்துரும். யாரு வேணாலும் வாங்கி வச்சுக்கலாம். அதான் ரூல்.”

“எம் பிள்ளை போனது நவம்பர்ல தாயி. மே மாசம் அவ எப்படி அமுக்குவா?”

“அப்ப யாரு மேடம் அமுக்குனது?”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று கன்னிவாடிக்குப் பால்வாடி வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். பஸ் முழுக்க நிலா சிரித்தாள். வெங்காய மூட்டையோடு வந்த ஒரு அம்மாள், “யாரு பெத்த பிள்ளையோ, என்னா சிரிப்பு!” என்றாள். நான்தான் பெத்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி வழியில் இறங்கி நடந்தே போனேன்.

உன் மச்சான் நிலைமையை எழுதக் கூடாதென்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். இப்போதெல்லாம் காரியமே இல்லாமல் வியாபாரிகளுக்குப் போன் போடுகிறார். அவர்கள் எடுத்ததும் பேசாமல் வைத்துவிடுகிறார். எடுக்காமல் ரொம்ப நேரம் அடித்தால் அன்றைக்கு முகம் தெளிச்சியாக இருக்கிறது. நிறுத்து என்று நானும், நிறுத்திவிடாதே என்று அவரும். ஒரே வீட்டில் இப்படி இருக்கிறோம்.

உன் அக்கா

நாகல் நகர்
7.10.2007

மதிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு மாதமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு வாசலுக்கு வருகிறேன்.

அந்த ஆபீசில் இரண்டாம் முறை போனபோது பேகம்பூர் ஷரீஃபா பழக்கமானாள். வீட்டுக்காரர் சவூதியில் மாரடைப்பில் போய்விட்டார். “சொல்லும்மா, சாப்டியா?” என்று கடைசியாக ஊருக்கு வந்தபோது அவர் பதிந்து வைத்த குரல் இப்போது ஒரு புரோட்டாக் கடை நம்பரில் கேட்கிறதாம். “ஊருல உள்ள பொம்பளைங்களையெல்லாம் எம் புருசன் சாப்டியான்னு கேக்குறாருக்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவளுக்கும் அதே போன் வந்திருக்கிறது. அவளும் ஒன்றை அழுத்தியிருக்கிறாள். விசாரித்தால் ஏழு வீடு தேறியது.

வக்கீல் சகாயராஜ் ஏழு வீட்டுக்கும் சேர்த்து என் பெயரில் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். நாங்கள் காசு கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் குரலை விற்காதே, எங்களிடமே திருப்பிக் கொடு, எப்படி வாங்கினாய் என்பதை ஊரறியச் சொல். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். பூ மார்க்கெட்டில் விஷயம் தெரிந்து முப்பது நாற்பது பேர் பந்தம் சிம்மையே கழற்றிப் போட்டுவிட்டார்கள். உன் மச்சான்தான் அவர்களிடம் கோபித்துக்கொண்டார்.

நீ ஏன் எழுதவில்லை?

அக்கா

சென்னை
21.10.2007

அன்பு அக்கா,

நலமா? மச்சான் நலமா? எழுதாததற்கு மன்னித்துவிடு. உன் மனு இங்கே தலைமை அலுவலகம் வரை வந்துவிட்டது. நீ என் அக்கா என்பதும் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

கம்பெனி நல்ல மனதோடு ஒரு யோசனை சொல்கிறது. நிலாவின் பதிவு தெளிவாக, இரைச்சல் இல்லாமல் அவர்களிடம் இருக்கிறது. நாம் கேட்டது சிறு துண்டுதானாம். அவள் பதியும்போது நாலைந்து முறை தப்பாகச் சொல்லி, மறுபடி சொல்லி, நடுவில் பாடிக்கூட இருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டு உனக்கே கொடுத்துவிடுவார்கள். பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். நீ மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மே மாத அறிவிப்பில் குறை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். வாங்கிக்கொள். மற்ற ஆறு வீட்டையும் அவரவர் பார்த்துக்கொள்வார்கள். தாளை இதனுடன் வைத்திருக்கிறேன்.

மதி

நாகல் நகர்
4.11.2007

மதிக்கு,

இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். நிலா நடுவில் பாடியிருக்கிறாள் என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்கிக்கிருவோம் அன்பு. ஊரு எக்கேடும் கெட்டுப் போகட்டும். எம் பிள்ளை பாடுறதை நான் கேக்கணும்” என்றார். இருபத்தொரு வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் பொருள் இது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பேனாவை எடுத்துவிட்டேன். தாளில் ‘அ’ என்று எழுதியும்விட்டேன்.

அப்போது ஷரீஃபா வந்தாள். நோன்பு முடிந்த வீட்டுப் பலகாரம் கொஞ்சம் வைத்திருந்து கொண்டுவந்திருந்தாள். மனு என் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் ஏழு வீடும் விழும். அவளுக்கு அது தெரியும். தாளைப் பார்த்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு, “நீங்க போட்டாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எப்படிப் போடுவது, நீயே சொல்.

தாளைக் கிழித்து அனுப்பியிருக்கிறேன். பிள்ளையைக் காட்டிப் பெற்றவளிடம் பேரம் பேசுகிறவர்களுக்கு உறவு மூலதனமாம். நல்ல வியாபாரம்.

விசாரணையில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நீ முதலில் எனக்கு எழுதுவாய் என்று ஜூலை மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புக்கரசி

நாகல் நகர்
28.11.2007

மதி,

இன்று நிலாவுக்கு வருஷம் திரும்பியது. நீ வருவாய் என்று ஒரு இலை கூடுதலாகப் போட்டோம்.

காலையில் வக்கீல் வந்தார். கம்பெனி மன்றத்தில் பதில் மனுக் கொடுத்திருக்கிறதாம். ‘மனுதாரரின் கோரிக்கையை மதித்து அவர் மகளின் குரலைப் பட்டியலிலிருந்தும், எங்கள் சேமிப்பிலிருந்தும், பிரதி ஏதும் மீதம் இல்லாமல் அழித்துவிட்டோம். எனவே வழக்குக்கு முகாந்திரம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். திருப்பிக் கொடு என்று கேட்டதை விட்டுவிட்டார்கள். நிறுத்து என்றதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உன் மச்சான் படையல் போட்ட வேட்டியோடு மார்க்கெட்டுக்குப் போய், தெரிந்த நம்பருக்கெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் வெறும் மணி. திரும்பி வந்து, “எங்கயும் இல்ல அன்பு” என்றார். போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இப்படித்தான் வந்து நின்றார்.

டேப்பில் பிடித்து வைத்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினம் கிடைக்கிறதென்று இருந்துவிட்டோம்.

அக்கா

சென்னை
6.1.2008

அக்கா,

நலம் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் எல்லா நம்பருக்கும் போன அந்த அழைப்பில் பேசியது நான். வாசகம் எழுதியதும் நான். குரலுக்கு ஆள் எடுத்தால் செலவு, நன்றாகப் படிக்கிறாய், நீயே பேசிவிடு என்றார்கள். அதற்குப் பிறகு மற்ற அறிவிப்புகளையும் என்னையே பேசவைத்தார்கள்.

முதலில் எழுதியதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ‘உங்கள் குரல் தொடர்ந்து ஒலிக்க ஒன்றை அழுத்துங்கள். அழுத்தினால் இந்தக் குரலைப் பிறருக்கும் விற்கும் உரிமை எங்களுக்கு வந்துவிடும்.’ சோதனைக்கு நூறு பேருக்கு அனுப்பிப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றை அழுத்தாமல் போனை வைத்துவிட்டார்கள். மேலாளர் இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அடித்த பிறகு வாக்கியம் காதுக்கு இன்னும் அழகாக இருப்பதாகச் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன் அக்கா.

ஜூன் மாதக் கூட்டத்தில் அதிகம் விற்ற குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். மதுரை, திண்டுக்கல் பகுதியில் முதலிடம் என்று ஒரு குரல் வந்தது. நிலா. “வந்துக்கிட்டே இருக்கேன், வச்சிராதீங்க!” எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நின்று, இது என் அக்கா மகள், இறந்துபோனவள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆபீசில் ஒலிபெருக்கி வைத்த அறைப் பக்கம் போனால் அவள் பேசுகிறாள். ட்யூனை அழித்த பிறகும் பேசுகிறாள்.

மே மாதம் அவள் போனை யார் எடுத்திருப்பார்கள் என்பது உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் எழுத முடியாமல் இத்தனை நாள் இருந்தேன்.

மதி

நாகல் நகர்
20.1.2008

தம்பிக்கு,

பொங்கல் இந்த வருஷமும் எங்களுக்கு இல்லை. நீங்கள் வைத்திருந்தால் சந்தோஷம்.

எனக்கு மே பதினாலாம் தேதியே தெரியும். நிலா போன் அடித்தது. அவளுக்கு யார் போடப்போகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். “வணக்கம்” என்றாய். அந்த முதல் சொல்லிலேயே உன்னைத் தெரிந்துகொண்டேன். நீ பேசக் கற்ற பேச்செல்லாம் என் இடுப்பில் இருந்து கற்றது. ‘நாளையுடன் இந்தக் குரல் நிறைவடைகிறது, தொடர்ந்து ஒலிக்க ஒன்றை அழுத்துங்கள்’ என்றாய். மெஷின் என்று தெரிந்தும், “சரிப்பா” என்று உனக்குப் பதில் சொல்லிவிட்டு அழுத்தினேன். வேறு யார் குரலாக இருந்தாலும் பயந்து வைத்திருப்பேன். யாரையாவது கேட்டிருப்பேன். நீ சொன்னதால் அழுத்தினேன்.

பிள்ளையை விற்ற கை என்னுடையதுதானே என்று ஐந்து மாதமாக இந்தக் கையால்தான் பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறேன். உன் மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. நேற்றுத்தான் சொன்னேன். அவர் வெளியே போய்விட்டு வந்து, “கை சும்மாதான் அமுக்குச்சு. சொன்னது யாரு?” என்றார்.

மார்ச் ஏழாம் தேதி விசாரணை. யார் சொல்லி அழுத்தினாய் என்று கேட்பார்கள். நீ எனக்கு எழுதியதை அங்கே வந்து சொல்வாயா? வேலை போய்விடும், தெரியும். வராவிட்டாலும் உன்னைத் திட்டி எழுத மாட்டேன். எழுதவே மாட்டேன்.

அன்புக்கரசி

சென்னை
12.3.2008

அன்பு அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அன்றைக்கு மன்றத்தில் மிகவும் இளைத்துத் தெரிந்தாய்.

தலைவர் உன்னைக் கேட்டபோது, “எந் தம்பி சொன்னான், அமுக்குனேன்யா” என்றாய். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அதற்குப் பிறகு எழுந்து முன்னால் போவது கஷ்டமாக இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் முடியாமல் போனது. சிவப்பு மையால் அடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி வக்கீல், “அக்காவுக்காகப் பொய் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். “அக்காவிடம்தான் பொய் சொன்னேன். இங்கே இல்லை” என்றேன். ஷரீஃபா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. நீ பார்க்கவே இல்லை.

வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் நாகல் நகர் வரை வந்தேன். உங்கள் தெருமுனையில் நின்றேன். மச்சான் சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

மதி

நாகல் நகர்
29.4.2008

அன்புத் தம்பி மதிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. நானும் உன் மச்சானும் நலம். போன வருஷத்துக்கு இப்போது பரவாயில்லை, அதனால் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. உன் வாக்குமூலத்தையும் சிவப்பு மைத் தாளையும் வைத்துத்தான் முழுத் தீர்ப்பும். மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி வாங்கிய எல்லாக் குரலையும் விற்பனையிலிருந்து எடுத்து, உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தினசரிகளில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஷரீஃபா வீட்டுக்குச் சிடி வந்துவிட்டது. அவள் இன்னும் போட்டுக் கேட்கவில்லை. கையில் இருக்கிறது, போதும் என்கிறாள். நம் நிலாவுடையது அழித்தது அழித்ததுதான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை என்று தலைவர் வருத்தத்தோடு வாசித்தார். மேல்முறையீட்டுக்குப் போவார்களாம். போகட்டும். நான் இருக்கிறேன், சகாயராஜ் இருக்கிறார்.

பணம் போடாமல் விட்டிருந்த நிலா நம்பருக்கு முந்தாநாள் மனசு கேட்காமல் ஒரு தடவை போட்டேன். ‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று நீ சொன்னாய். வைத்துவிட்டு, மறுபடி போட்டேன். மறுபடி சொன்னாய். கோபம் வந்தது. எவ்வளவு கோபம் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. ஆனாலும் மூன்றாவது தடவையும் போட்டேன். என் பிள்ளை குரல் போய்விட்டது, அதே இடத்தில் என் தம்பி குரல் இருக்கிறது. அதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாலை ரோட்டுக் கவுண்டர்ப் பெண்ணைக் கடைவீதியில் பார்த்தேன். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து அறிவிப்பெல்லாம் வேறு ஆள் குரலில் மாற்றுகிறார்களாம், உன்னுடையதையும் அழித்துவிடுவார்களாம்.

அதனால் வா. தெருமுனையில் நிற்காதே. உன் மச்சான் பார்த்தால் பார்க்கட்டும், திட்டினால் வாங்கிக்கொள். வாசல் வரைக்கும் வந்து, “அக்கா” என்று கூப்பிடு. நான் உள்ளேதான் இருப்பேன். உடனே திறக்க மாட்டேன். நீ கூப்பிட்டுக்கொண்டே இரு.

உன் அக்கா
அன்புக்கரசி